பூச்சி மாத்திரை

“செருப்பக் கழட்டு டீச்சரம்மா! வாசல்ல வேப்பல சொருவிக்கிறது கண்ணுக்குத் தெரியல?”

“கழட்டிட்டுத்தாம்மா நிக்கிறேன். நான் உள்ள வரல. பச்சையம்மாவ ஒரு நிமிஷம் வெளிய அனுப்புங்க, போதும்.”

“அதெல்லாம் அனுப்ப முடியாது. ஆத்தா ஊட்டுக்குள்ள ஒக்காந்துகினு கீறா. இப்பப் போயி மாத்திர எடுத்துகினு வந்துட்டாங்க, மாத்திர! படிச்சவங்க செய்யற வேலையா இது?”

“இது அம்மைக்கு இல்லம்மா. இது வேற.”

“எதுக்கா இருந்தா இன்னா? மருந்துன்னா மருந்துதான்!”

இப்படிக் கத்தியவள் சம்பூர்ணம். அவள் சாதாரணமாகப் பேசினாலே பழவேற்காட்டு ஏரிக்குள் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். புருஷன் போனபின் தம்பி அரசப்பன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாமென்று வந்தவள். அது ஆகிவிட்டது பதினோரு வருஷம். குழம்பில் எத்தனை புளி என்பதிலிருந்து அரசப்பன் எந்த நாளில் படகை இறக்குவது என்பதுவரை அவள்தான் முடிவு செய்வாள். அரசப்பன் பெண்டாட்டி பச்சையம்மாவுக்கு அந்த வீட்டில் சொந்தமாக இருந்தது இரண்டு பெண்கள் மட்டும்தான். மூத்தவள் குணசுந்தரி, இளையவள் ரத்னா.

அந்த ஒன்பது வயது ரத்னாவுக்குத்தான் அம்மை. எழுபத்திரண்டாம் வருஷம், பங்குனி மாதம். வாசலில் நின்றவர் எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்து ரோசம்மாள் டீச்சர். சோளிங்கர் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் குடையை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டு மாதா கோயிலுக்குப் போய்விடுவார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கவே வேண்டாம். என் நாஷ்டா கடைக்கு எதிரே பள்ளிக்கூடம். கடைக்குப் பின்னால் என் வீடு. என் வீட்டுச் சுவரோடு ஒட்டினாற்போல் அரசப்பன் வீடு. கடவுளே பார்த்துப் பொறுக்கிக் கொடுத்த இடம். அன்றைக்குச் சட்டியில் ஆப்பம் தீய்ந்துகொண்டிருந்தது. நான் கரண்டியோடு கூட்டத்தின் முன்வரிசையில் நின்றேன்.

எனக்கு அங்கே நிற்க உரிமையும் இருந்தது. குணசுந்தரிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை துளசிராமன் என் தங்கை மகன். மீஞ்சூரில் வீடு, எண்ணூர் பவர் ஹவுஸில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். ஏரியை நம்பாத மாப்பிள்ளை கிடைப்பது எங்கள் பக்கத்தில் அபூர்வம். பேசி முடித்தவள் நான். வைகாசியில் தாம்பூலம் மாற்றுவதாக இருந்தது.

அந்த மாத்திரை விஷயத்தைச் சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியைப் பின்னால் தெரிந்துகொண்டேன், தெரிந்து பிரயோசனமில்லாத நேரத்தில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த ரத்னா வகுப்பிலேயே விழுந்து கைகால் வெட்டியிருக்கிறாள். வலிப்பு. மற்ற பிள்ளைகள் வெளியே மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற நேரம், இவள் மட்டும் உள்ளே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர் டீச்சர் ஒருவர்தான். பச்சையம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் டீச்சர் காலில் விழுந்துவிட்டாள். வலிப்புக்காரி தங்கச்சி என்றால் குணசுந்தரியை யார் கட்டுவார்கள்? நாத்தனாருக்குத் தெரிந்தால் பேயோட்டக் கூட்டிப் போவாள். புருஷனுக்குச் சொன்னால் அவன் அக்காவிடம் சொல்வான். ஆகவே கண் காட்டுவதற்கு என்று பொய் சொல்லி, டீச்சரும் அவளுமாகப் பிள்ளையை மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அங்கே சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். ஒரு நாள்கூட விடக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்று அந்த டாக்டர் இரண்டு தடவை சொன்னாராம்.

வீட்டில் வைத்தால் சம்பூர்ணம் கண்ணில் படும். அதனால் மாத்திரை பள்ளிக்கூட அலமாரியில், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. அலமாரிச் சாவி டீச்சர் இடுப்பில். எதற்காக இந்தப் பெண் மட்டும் தினமும் அலமாரிப் பக்கம் போகிறாள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று அவளை சாக்பீஸ் லீடர் ஆக்கிவிட்டார். கடவுள் வாழ்த்து முடிந்ததும் ரத்னா சாக்பீஸ் எடுக்கப் போவாள், மாத்திரையை விழுங்குவாள். மணி அடித்ததும் சாக்பீஸைத் திருப்பி வைக்கப் போவாள், இன்னொன்றை விழுங்குவாள். லீவு நாளில் டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று ஒரு சின்னக் குடத்தோடு கிளம்புவாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.

என் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா? கண் காட்டினார்கள் என்றதும் அந்தப் பிள்ளையைக் கடைக்குக் கூப்பிட்டு, ஆப்பம் கொடுத்து, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என்னைவிட நன்றாக இருந்தது. ஒரு நாள் ஜன்னல் வழியாக மாத்திரை கைமாறுவதையும் பார்த்துவிட்டேன். டீச்சரிடமே கேட்டேன். “பூச்சி மாத்திரை” என்றார். எந்தப் பூச்சிக்கு அய்யா இரண்டு வருஷம் மாத்திரை! அந்த வயிற்றில் பூச்சியா, பாம்பா என்று குப்பம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

அந்த வாசல் சண்டைக்கே திரும்பி வருகிறேன். கடைசியில் பச்சையம்மாவே வெளியே வந்தாள். தலை முடியவில்லை, நெற்றியில் மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது. டீச்சர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

“பச்சையம்மா, நேத்து ரெண்டு வேளையும் போச்சு, இன்னிக்குக் காலைலயும் போச்சு. ஒரு நாளு விடக் கூடாதுன்னு அவங்க சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

“எவங்க சொன்னாங்க?” சம்பூர்ணம் நடுவில் பாய்ந்தாள். “எவங்க, இன்னா சொன்னாங்க? எனக்குத் தெரியாம இன்னா நடக்குது?”

டீச்சர் வாயைத் திறந்தார். அப்போது பச்சையம்மா டீச்சரைப் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நாத்தனாரிடமிருந்து காப்பாற்றச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் இரக்கம் உள்ளவள் ஆயிற்றே! உடனே எடுத்து விட்டேன்.

“ஒண்ணும் இல்ல சம்பூர்ணக்கா, அது பூச்சி மாத்திர! அதுக்கா டீச்சரம்மா இத்தினி ரகள? ஆத்தா எறங்கற வரிக்கும் உங்க பூச்சி பொறுத்துக்காதா?”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சம்பூர்ணமே வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சருடைய வாய் திறந்தபடியே இருந்து, பிறகு மூடிக்கொண்டது.

“வேணாம் டீச்சரம்மா,” என்றாள் பச்சையம்மா. “ஆத்தா வந்திருக்கச் சொல்ல மருந்து குடுத்தா கண்ணப் புடுங்கிடுவான்றாங்க. எனக்கும் பயமா கீது. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு நானே இட்டாரேன். அஞ்சு நாளுதானே.”

அவள் நாத்தனாருக்குப் பயந்து மட்டும் அப்படிச் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவளும் எங்களைப் போலத்தான். ஆத்தா வந்த வீட்டில் தாளிக்க மாட்டோம், தலை வார மாட்டோம், மருந்து என்ற பேச்சையே எடுக்க மாட்டோம். ஒரு பக்கம் டாக்டர் சொன்ன வார்த்தை, ஒரு பக்கம் ஆத்தா. அவள் ஆத்தாவை நம்பினாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெயிலில் வெறுங்காலோடு நடந்து போனார்.

அன்று சாயங்காலமே அவர் படகுத்துறைக்குப் போய் அரசப்பனைப் பிடித்திருக்கிறார். அவன் வலையைப் பிரித்துக்கொண்டே, “எங்க அக்காவக் கேட்டுக்கோங்க டீச்சரம்மா. ஊட்டு விசயம் எனக்கின்னா தெரியும்?” என்றானாம். அவன் சொன்னது நிஜம். ஒன்றும் தெரியாதுதான்.

மறுநாள் மதியம் என் கடைக்கு வந்தார். கையில் ஓர் இளநீர். பெஞ்சில் இரண்டு பேர் ஆப்பம் தின்றுகொண்டிருந்தார்கள்.

“கெங்கம்மா, நீ ரத்னாவுக்குத் தினமும் இளநீர் கொண்டுபோய்க் குடுக்கறல்ல?”

“ஆமா. பக்கத்து ஊட்டுக்காரின்னு எனக்கு மட்டும் வழி உட்டுக்கீறா சம்பூர்ணம்.”

“இன்னிக்கு இதக் கொண்டுபோ. பச்சையம்மா கையில குடு. ரத்னாவுக்கு மட்டும். வேற யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது.”

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? மேலே சீவி, துளை போட்டு, அரிசி மாவைப் பிசைந்து அடைத்திருந்தது.

“இன்னா டீச்சரம்மா, எளநிக்கு ஜன்னல் வச்சி மூடிக்கிறீங்க?”

அவர் சிரிக்கவில்லை.

“இன்னா கலந்துகீது சொல்லுங்க, எடுத்துகினு போறேன். அந்தப் பூச்சி மாத்திரதானே? சொல்லாம எடுத்துகினு போவ மாட்டேன். நாளைக்கு எதுனா ஆச்சின்னா சம்பூர்ணம் என் மண்டைய ஒடச்சி மாவெளக்கு போட்டுருவா.”

டீச்சர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் என் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“கெங்கம்மா, உங்கிட்ட ஒரு விஷயம் சொன்னா உன்னோட வச்சுப்பியா? யாருகிட்டயும் சொல்லாம. உன் தங்கச்சிகிட்டகூட.”

எனக்கு முந்தி பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு நான் சிரித்தேன்.

“இன்னா டீச்சரம்மா பேஜார் பண்றீங்க! எங்கிட்ட ஒண்ணு சொல்றதும் பொன்னேரி பஸ்ஸுக்கு மேல மைக் செட்டு கட்றதும் ஒண்ணுதான்னு குப்பத்துக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?”

விளையாட்டாகத்தான் சொன்னேன். விளையாட்டாகச் சொன்னாலும் பொய் சொல்லவில்லை.

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இவளிடம் சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் போகும், சொல்லாவிட்டால் என்ன போகும் என்று கணக்குப் பார்த்திருப்பார். பச்சையம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் ஒன்று இருந்தது. ஐந்து நாளில் மூன்று ஓடிவிட்டது, இன்னும் இரண்டுதானே என்றும் நினைத்திருக்கலாம். என் கையிலிருந்த இளநீரைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் என் வீட்டு மரத்து இளநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை வாழையிலை மேல் படுத்திருந்தது. “அக்கா, இஸ்கோல்ல சாக்பீஸ் யாரு எடுக்கறாங்க?” என்று கேட்டது. யாரோ ஒரு பையன் எடுக்கிறான் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

ஐந்தாம் நாள் காலை. முத்துகள் உலர்ந்து விட்டன. வெயிலில் அண்டா வைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க ஐந்தாறு பெண்கள் வந்திருந்தோம். வழக்கம்போல் நான் முதலில்.

ரத்னாவைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டி வந்தாள் சம்பூர்ணம். ஒரு சொம்பு ஊற்றியிருப்பாள். பிள்ளையின் கண் மேலே செருகியது. கழுத்து ஒரு பக்கம் திரும்பியது. உடம்பு விறைத்து, பிறகு கையும் காலும் வெட்ட ஆரம்பித்தன.

“வந்துட்டா!” என்று கூவினாள் சம்பூர்ணம். “தாயி மேல எறங்கிட்டா! கற்பூரம் எடுத்தா, கற்பூரம்!”

யாரோ குலவை போட்டார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தை நறுக்கித் திசைக்கு ஒன்றாக எறிந்தார்கள். சம்பூர்ணம் தட்டில் கற்பூரத்தை ஏற்றி, துடிக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே காட்டி, “இன்னா கொற வச்சோம் தாயே, சொல்லிட்டுப் போ” என்று கேட்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஈர மண்ணில் விழுந்து கும்பிட்டுக் குறி கேட்டார்கள். ஒருத்தி தொலைந்த ஆட்டைக் கேட்டாள். நானும் விழுந்தேன். “தாயே, எங்க துளசிராமன் கல்யாணம் நல்லபடியா நடக்குமா?” என்று கேட்டேன். பதிலுக்காக அதன் வாயைப் பார்த்தேன். நுரை வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கொல்லையிலிருந்து பச்சையம்மா வந்தாள். கையிலிருந்த குடம் விழுந்தது.

“ஆத்தா இல்ல! ஆத்தா இல்லடி பாவிங்களா! வலிப்பு! என் பொண்ணுக்கு வலிப்பு!”

“வாய மூடுடி! தாயி நிக்கிற எடத்துல…” என்று சம்பூர்ணம் ஆரம்பித்தாள்.

“ரெண்டு வருசமா வலிப்பு அண்ணி! மாத்திர அதுக்குத்தான்! நான்தான் மறைச்சேன்! டீச்சரம்மா! டீச்சரம்மா!”

அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினாள். தெரு முழுக்கக் கேட்டது. நான் மண்ணில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மூன்று நாளுக்கு முன்னால் அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்பது அப்போது புரிந்தது.

டீச்சர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓடி வந்தார். பிள்ளை கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஒரு வலிப்பு நின்றது. எல்லோரும் மூச்சு விட்டோம். கண் திறக்குமுன் அடுத்தது வந்தது. பல் கிட்டிப்போன வாயில் மாத்திரையை எப்படிப் போடுவது? அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வியர்வையில் கரைந்து போயிற்று.

பழவேற்காட்டுக்குப் படகு, அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ். வேறு வழி கிடையாது. அரசப்பன் ஏரித் தரையில் கம்பை ஊன்றிப் படகை நகர்த்தினான். பச்சையம்மா, டீச்சர், நான். என்னை யாரும் கூப்பிடவில்லை, ஏறிக்கொண்டேன். பச்சையம்மா பிள்ளைத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பு போடுகிற புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாய்ப்பாடு சொல்லும்போது விழுந்தது, மெட்ராஸ் போனது, சாக்பீஸ் லீடர், தண்ணீர்க் குடம். அவன் கம்பை இன்னும் வேகமாக ஊன்றினான்.

பங்குனியில் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். நடு ஏரியில் படகு தரை தட்டியது. அரசப்பன் குதித்துத் தள்ளினான். டீச்சரும் புடவையோடு இறங்கித் தள்ளினார். நானும் தள்ளினேன். சேறு காலை விடவில்லை. நாங்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பச்சையம்மா, “நின்னுடுச்சி, டீச்சரம்மா, வெட்டறது நின்னுடுச்சி” என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். டீச்சர் எட்டி, பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். விரலை எடுக்கவேயில்லை.

அரசப்பன் மட்டும் ரொம்ப நேரம் தள்ளிக்கொண்டே இருந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அம்மை போட்டு இறந்த பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று சம்பூர்ணம் வாசலில் நின்று தடுத்தாள். “எம் பொண்ண ஆத்தா ஒண்ணும் எடுத்துகினு போவல” என்றாள் பச்சையம்மா. அவ்வளவுதான். ஆனாலும் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு இருந்தவள் சொல்கிறேன்.

என் தங்கைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்கும் பலன் இல்லை. தெரு முழுக்கக் கேட்ட சேதி மூன்றாம் நாளே மீஞ்சூர் போய்விட்டது. “வலிப்புக் குடும்பத்துல போயி தள்ளப் பாத்தியே, நீ ஒரு அக்காவா?” என்று தங்கை வந்து கத்தினாள். துளசிராமன் அவளைக் கூட்டிப் போக வந்தான். கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டான்.

“இதுக்கா பெரிம்மா மறைச்சாங்க?” என்றான். “எங்க ஷிப்டுல ஒருத்தர் கீறாரு. சொக்கா பாக்கெட்டுலயே மாத்திர வச்சிகினு போடுவாரு. ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்துட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

யார் கேட்பது? அவனிடம் போகிற பேச்செல்லாம் என் வழியாகத்தான் போயாக வேண்டும்.

துளசிராமனும் குணசுந்தரியும் அடுத்த தை மாதம் மீஞ்சூரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். என் தங்கை முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் நின்றாள். இப்போது வள்ளூரில் குடித்தனம், இரண்டு பையன்கள். ரோசம்மாள் டீச்சர் அந்தக் கோடை லீவிலேயே மாற்றல் எழுதிக் கொடுத்து, ஆர்.கே.பேட்டைப் பக்கம் போய்விட்டார். கல்யாணப் பத்திரிகை அனுப்பினார்கள், வரவில்லை. சம்பூர்ணம் தம்பி வீட்டிலேயேதான் இருக்கிறாள், தனியாக. அரசப்பன் படகில் இருந்த தன் பங்கை விற்றுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். பச்சையம்மாவும் அவனோடு போனாள். போகிற அன்றைக்குத் தெருவில் வீடு வீடாக ஏறிச் சொல்லிக்கொண்டாள். என் கடையில் மட்டும் ஏறாமல் தாண்டி நடந்து போனாள்.